எண்ணெய் ஊத்தியாச்சு

ரேடியோவால் பறக்கவிடும் அந்தச் சின்ன மாடல் ஜெட், பற்றிக்கொள்வதில் குறை ஒன்றும் வைக்கவில்லை. சுவிட்சைத் தட்டியதும் உள்ளே சின்ன மோட்டார் முனகியது. பொசுக்கென்று நெருப்புப் பிடித்தது. ஊளை மெதுவாக ஏறி, தாசேக் கெலுகோர் மைதானத்து ஓரச் செம்பனைகளில் உட்கார்ந்திருந்த கொக்குகளை எழுப்பிவிட்டது. ரேடியோவில் வேகக் குச்சியான திராட்டிலை மேலே தள்ளினால், கட்டிவைத்த கயிற்றை அறுத்துக்கொண்டு போவதுபோல் இழுத்தது. கீழே இறக்கினால்தான் வம்பு.

திராட்டிலை முழுக்க இறக்கிய பிறகும் அணையாமல், ஒரே சீராக ஓடவேண்டிய வேகம் ஒன்று உண்டு. மைதானத்தில் எல்லாரும் அதை ஐடில் என்பார்கள். இந்த இயந்திரத்துக்கு அது நிமிடத்துக்கு முப்பத்தைந்தாயிரம் சுற்று. ஜோனத்தன் கையிலிருந்த சின்னத் திரையில் எண் முப்பத்தைந்துக்கு இறங்கியது. நிற்கவில்லை. நாற்பதுக்கு ஏறியது, முப்பதுக்கு விழுந்தது, திரும்ப ஏறியது. சத்தமும் அதோடு நீண்டு குறுகியது. வால் பக்கமிருந்து வெள்ளைப் புகை விட்டுவிட்டு வந்தது. கொஞ்ச நேரம் இப்படித் தவித்துவிட்டு, எண் ஒரேயடியாகச் சரிந்தபோது, கட்டுப்பாட்டுப் பெட்டி தானாகவே எரிபொருளை நிறுத்தியது.

"செத்துப்போச்சி," என்றான் சாதிக். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஜோனத்தன் அதைக் கண்டுகொள்ளவில்லை. குனிந்து குழாயைப் பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான்.

சாதிக் வாரநாட்களில் பட்டர்வொர்த்தில் காடி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஞாயிறுகளில் ஜெட் விடுவான். மைதானத்துக் கிளப்பில் ஜெட்டை மேலே ஏற்றிப் பறக்கவிட அனுமதி பெற்றவர்கள் சிலர்தான். இதை ஏற்றித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டவன் அவன் ஒருவனே.

"இதோட மூணு தடவை ஆச்சி ஜோ. நான் ஏத்த மாட்டேன் லா."

"மேல நல்லாத்தானே ஓடுது?"

"மேல ஓடும். எறக்குறதுக்குத் திராட்டில கொறைப்பேன் பாரு, அங்கதான் மூஞ்ச காட்டும். என்கிட்ட கத்துக்க வர்ற பிள்ளைங்க ஜங்ஷன்ல கிளச்ச விட்டு எஞ்சின அணைக்கும். பின்னாடி நிக்கிற லாரிக்காரன் ஹார்ன் அடிப்பான், கெட்ட வார்த்தையில திட்டுவான், அவ்வளவுதான். இது ஆகாசம் லா. அங்க நின்னு சாவி போட முடியுமா?"

"அடுத்த ஞாயிறு…"

"தெரியும், தெரியும். வாத்தியார் வர்றாரு. அதுக்குத்தான் சொல்றேன். அவரு கண்ணு முன்னாடி இத செம்பனைக்குள்ள சொருக எனக்கு மனசு இல்ல. ஐடில் நின்னுச்சின்னா ஏத்துறேன். நிக்கலன்னா, தரையில வெச்சி எல்லாரும் பக்கத்துல நின்னு போட்டோ புடிச்சிக்கலாம்."

ஜோனத்தன் திருப்புளியை எடுத்தான். இறக்கையைக் கழற்ற ஆரம்பித்தான்.

ஜெட் அவனுடையது அல்ல. அவன் மனைவி லினெட்டுடையது. பறக்கவிட்டவள் அவள். அவன் மின்கலத்துக்கு மின்னேற்றி, தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன். போன வருடம் டிங்கிக் காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதன் பிறகு ஜெட் அவன் பொறுப்பில் வந்தது. துருப்பிடிக்கக் கூடாது என்று மாதம் ஒருமுறை இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தான். பறக்கவிடத் தெரியாது. விற்கவும் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை என்பதுதான் சரி.

டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த வீட்டில் அவனோடு இருந்தவர் லினெட்டின் அப்பா அந்தோணிராஜ். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் இருந்தபோதும், அதன் பிறகும், ஜெட்டுக்கான எரிபொருள் கேனை நிரப்பி வைப்பவர் அவர்தான். ஆனால் மைதானத்துக்கு ஒருநாளும் போனதில்லை. மகள் கையில் அது பறப்பதைப் பார்க்கத் தன் நெஞ்சு தாங்காது என்பார். அடுத்த ஞாயிறு மாலை மகன் டெஸ்மண்ட் ஜொகூரிலிருந்து வந்து அவரைத் தன்னோடு அழைத்துப் போகிறான். பதினோராவது மாடி வீடு. இனி அங்கேதான்.

இதெல்லாம் முடிவான அன்று அவர் ஜோனத்தனிடம் ஒன்று கேட்டிருந்தார். "போறதுக்கு முன்னாடி அது பறக்கிறத ஒரு தடவை பாக்கணும், தம்பி."

மகளைப் புதைத்த நாளிலிருந்து அவர் அவனிடம் வேறு எதையும் கேட்டதில்லை.

*

பாயான் லெப்பாஸ் ஆலையில் ஜோனத்தனுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. மின்னணுச் சில்லுகளில் எது ஏன் தவறுகிறது என்று பார்ப்பது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். மற்ற எல்லாம் இருந்தபடியே இருக்கவேண்டும். அப்போதுதான் எது குற்றவாளி என்று தெரியும்.

அந்த வாரம் முழுக்க அவன் அதைத்தான் செய்தான். வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சட்டையை மாற்றவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு நின்றபடியே தின்றான். இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வெளியே போனான். வெளியே போனவன் எதற்கு வந்தோம் என்று யோசித்து உள்ளே வந்தான். வாசல் கொட்டகையில் ஜெட்டைக் கதவுத் தூணோடு கட்டிவைத்திருந்தான்.

முதலில் காற்றுக் குமிழி. எரிபொருள் குழாயில் காற்று புகுந்தால் ஐடில் இப்படித்தான் ஆடும். குழாய் கண்ணாடிபோல் தெளிவானது. விளக்கை அடியில் வைத்துப் பார்த்தான். ஒரு குமிழிகூட இல்லை. ஆனாலும் எல்லா இணைப்புகளையும் பிடுங்கி, நுனியை வெட்டிப் புதிதாகச் செருகினான். ஓட்டினான். ஆடியது.

அடுத்து வடிகட்டி. கழற்றி வெள்ளைத் துணியில் தட்டினான். தூசி இல்லை. புதியதை மாட்டினான். ஆடியது.

பம்ப் மேல் சந்தேகம் வந்தது. ஐடிலில் பம்ப் மிகக் குறைந்த மின்சாரத்தில், நகர்ந்தும் நகராமலும் சுற்றும். பல்சக்கரம் கொஞ்சம் சிக்கினாலும் எரிபொருள் துளித்துளியாகத் தடைபடும். வேகமாக ஓடும்போது அந்தச் சிக்கல் தெரியாது. இயந்திரத்தின் கோளாறுக்கு இது பொருந்தியது. அன்று மாலை நெரிசலில் கடல் பாலத்தைத் தாண்டி அக்கரை போய்ச் சாதிக்கின் பம்பைக் கடன் வாங்கி வந்தான்.

"புதுசு லா இது. பொண்டாட்டிக்குத் தெரியாம வாங்குனது. பாத்து," என்றான் சாதிக்.

மாட்டினான். ஓட்டினான். ஆடியது.

அதன் பிறகு ரேடியோ. திராட்டில் குச்சியின் மேல்நிலை, கீழ்நிலை, அணைக்கும் நிலை மூன்றையும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மறுபடி கற்றுக்கொடுத்தான். பெட்டி சமர்த்தாகக் கற்றுக்கொண்டது. ஓட்டினான். முப்பத்தைந்து, நாற்பது, முப்பது, நாற்பத்தொன்று, இருபத்தொன்பது.

கூடத்திலிருந்து அந்தோணிராஜ் ஒவ்வொரு முறையும் எட்டிப்பார்த்தார். புத்தகங்களைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். இயந்திரம் அணைந்ததும் ஒரு நிமிடம் காத்திருப்பார். அவன் ஏதாவது சொல்வானா என்று பார்ப்பார். அவன் சொல்லமாட்டான். அவர் அடுத்த புத்தகத்தை எடுப்பார்.

"எண்ணெய் ஊத்தியாச்சு," என்பார் சில சமயம். கேனில் குறைந்ததை நிரப்பிவிட்டேன் என்று பொருள்.

"சரி மாமா."

பேச்சு அவ்வளவுதான். அதைவிட நீளமாக இருவரும் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது.

இன்னும் மிச்சம் இருந்தவை தாங்கி உருளைகள், அதாவது பேரிங்குகள். அவை தேய்ந்திருந்தால் இயந்திரத்தைப் பிரிக்கவேண்டும். பிரிக்க அவனுக்கு உரிமையில்லை, கருவியும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும், அதைத் தயாரித்த கம்பெனிக்கே அனுப்பவேண்டும். போய்வரப் பல வாரம். முன்புறத் துளையில் விரலை விட்டுச் சக்கரத்தைச் சுண்டினான். பட்டுபோல் சுற்றியது. சுற்றிச் சுற்றி, மெதுவாகி, சத்தமில்லாமல் நின்றது. தாங்கியில் குறை இல்லை. அதுவும் இல்லையென்றால் வேறு என்ன? எழுந்து வாசல்வரை நடந்தான். தெருவைப் பார்த்தான். திரும்பி வந்து மறுபடி சுண்டினான்.

*

வெள்ளிக்கிழமை மாலை பக்கத்து வீட்டுக் கோமதி, வேலிக்கு மேலாக ஒரு சட்டையை நீட்டிக் காட்டினாள். அவள் கணவன் நாகப்பன் வங்கிக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் சட்டை. முதுகில் மஞ்சளாகச் சின்னச் சின்னப் பொட்டுகள்.

"தம்பி, இது என்னா?"

"தெரியலக்கா."

"எனக்குத் தெரியும். ஒங்க ஏரோப்ளேன் துப்புனது. திங்கக்கெழமையில இருந்து துவைக்கிறேன், போக மாட்டேங்குது. மோந்து பாரு."

மோந்து பார்த்தான்.

"சாயங்காலம் ஆனா வீட்டுக்கூரையில என்னமோ எறங்குற மாதிரி சத்தம். சரி, தம்பி மனசு சரியில்லாம இருக்கு, ஏதோ பண்ணட்டும்னு வாயத் தொறக்கல. அதுக்குன்னு என் துணிய தாளிச்சி வெக்கிறதா? முன்ன லினெட்டு ஓட்டுறப்ப இப்படி இல்லையே. சத்தம் வரும், நின்னுடும். இந்தப் பிசுக்கு எங்கேருந்து வந்திச்சி?"

"மன்னிச்சிடுங்கக்கா. புதுச் சட்டை வாங்கித் தந்துடுறேன்."

"சட்டை கெடக்குது. இனிமே இந்தக் கொட்டகையில அது கத்தக்கூடாது. கத்துனா ஒங்க மாமனார்கிட்ட இல்ல, நேரா போலீஸுக்குத்தான். சொல்லிட்டேன் ஆமா." கொஞ்சம் நிறுத்தி, "மீன் கொழம்பு வெச்சிருக்கேன். அனுப்பவா?" என்றாள்.

"வேணாங்கா."

"அனுப்புறேன்," என்று உள்ளே போய்விட்டாள்.

ஜோனத்தன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பொட்டை விரலால் தேய்த்தான். வழவழப்பு. மண்ணெண்ணெய் என்றால் வெயிலில் பறந்திருக்கும். கறை வைக்காது. இது எரியாத எண்ணெய். இயந்திரத்துக்குள் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. மண்ணெண்ணெயோடு டர்பைன் ஆயிலைக் கொஞ்சம் கலந்துவிடுவார்கள். ஓடும்போது அதுவே தாங்கிகளை நனைக்கும். அந்தக் கொஞ்சம் எரிந்து போய்விடும். பக்கத்து வீட்டுச் சட்டைவரை தெறிக்கும் அளவுக்கு மிஞ்சாது.

இந்த வாரத்தில் அவன் எல்லாவற்றையும் மாற்றினான். கேனில் இருப்பதை மட்டும் மாற்றவில்லை.

நீலக் கேன். உள்ளே இருப்பதன் நிறம் தெரியாது. சமையலறையிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்துவந்து ஊற்றினான். எலுமிச்சைச் சாறுபோல் வெளிறி இருக்கவேண்டியது, பாலில்லாத தேநீர்போல், தே ஓ நிறத்தில் இருந்தது. குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"மாமா," என்று கூப்பிட்டான். சத்தம் அவனுக்கே அதிகமாகக் கேட்டது.

அந்தோணிராஜ் கையில் அகராதியோடு வந்தார்.

"கேன்ல எண்ணெய் ஊத்தினீங்களா?"

"ஊத்தினேனே. செவ்வாய்க்கிழமை ஊத்தினேன். சொன்னேனே ஒங்ககிட்ட."

"எவ்வளவு?"

"லிட்டருக்கு அம்பது மில்லி. லினெட்டு சொல்லிக்கொடுத்த கணக்கு. என்ன, கொறைச்சலா?"

ஜோனத்தன் குவளையைக் கீழே வைத்தான். லிட்டருக்கு ஐம்பது. மண்ணெண்ணெய் அல்ல, அவர் சொல்வது ஆயில்.

"நான் கேட்டது மினியாக்க, மாமா."

"எந்த மினியாக்? மலாய்ல எல்லா எண்ணெயும் மினியாக்தான்."

"மண்ணெண்ணெய்."

"மண்ணெண்ணெய்ன்னா மண்ணெண்ணெய்ன்னு கேக்கணும். எண்ணெய்ன்னு கேட்டா நான் எண்ணெயத்தானே சொல்லுவேன்?"

"எண்ணெய் ஊத்தியாச்சுன்னு நீங்க சொல்றப்பெல்லாம், மினியாக் ஊத்தி கேன நெரப்பிட்டீங்கன்னு நெனச்சேன்."

"மண்ணெண்ணெயையும் ஊத்தி, எண்ணெயையும் ஊத்தி, குலுக்கி வெச்சிட்டுத்தான் அப்படிச் சொல்லுவேன். எண்ணெய் ஊத்தினாத்தானே வேலை முடியுது?"

"காடிக்கு எண்ணெய் போடணும்னா பெட்ரோல்தானே மாமா. இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க."

"எல்லாரும் தப்பாச் சொல்றாங்க. நாப்பது வருஷம் பிள்ளைங்க கொப்பியில செவப்பு மையில அத அடிச்சவன் நான். என் வாயில அது எப்படி வரும்?" சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவன் முகத்தைப் பார்த்தார். "நீங்க என்ன பண்ணீங்க?"

"ஆயில் ஊத்துனேன். நீங்க நெரப்பினதா சொன்ன ஒவ்வொரு தடவையும்."

"எதுல இருந்து?"

"காடி பூட்ல ஒரு டின் இருக்கு."

"என் டின் மாடிப்படிக்குக் கீழ இருக்கு."

லினெட் எப்போதும் ஆயிலைப் பெட்டியாக வாங்குவாள். ஒன்றைக் காடியில் போடுவாள், ஒன்றை வீட்டில் வைப்பாள். மைதானத்தில் சாதிக்கிடம் மண்ணெண்ணெய் கடன் வாங்கும் நாட்களில் காடியில் இருக்கும் டின்னைத் திறந்து ஊற்றுவாள். ஜோனத்தன் பார்த்தது அதைத்தான். ஆகவே ஆயில் அவள் வேலை, இப்போது தன் வேலை என்று எடுத்துக்கொண்டான். அப்பாவிடம் பேசும்போது அவள் எண்ணெய் என்பாள், புருஷனிடம் ஆயில் என்பாள். மண்ணெண்ணெய் அப்பாவுக்கு, மினியாக் புருஷனுக்கு. வாயைத் திறந்தால் எந்தப் பக்கம் திரும்புகிறாளோ அந்தப் பக்கத்து வார்த்தை வரும். அப்படி ஒன்று நடந்துகொண்டிருந்தது இருவருக்குமே தெரியாது.

"அப்போ அளவுக்கு ரெட்டிப்பு," என்றார் அந்தோணிராஜ்.

"ஆமா."

"இத்தன மாசமா."

"ஆமா."

அவர் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டார். "ரெண்டு பேருமே ஊத்தாம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஒரே ஓட்டத்துல தாங்கி எரிஞ்சிருக்கும். கதை முடிஞ்சிருக்கும்."

"இப்ப?"

"இப்ப… தெரியல. கெட்டியான எரிபொருள். மேல ஓடுறப்ப சமாளிச்சிடும். ஐடில்ல பம்ப் மெதுவாத்தான் தள்ளும், அதான் தடுமாறுது. புதுசா கலந்து ஓட்டினா நிக்கலாம். உள்ள கரி படிஞ்சிருந்தா நிக்காது."

"எப்பத் தெரியும்?"

"ஞாயித்துக்கெழமைதான். இங்க ஓட்டக்கூடாதுன்னு அக்கா சொல்லிட்டாங்க."

அந்தோணிராஜ் தலையை ஆட்டினார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஜோனத்தன் ஓரடி எடுத்து வைத்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வீட்டுல ரெண்டு ஆம்பள. ரெண்டு பேரும் படிச்சவன். ஒருத்தன ஒருத்தன் ஒரு கேள்வி கேக்கல. ஐயோ ஆண்டவரே."

ஜோனத்தனுக்குச் சிரிப்பு வரவில்லை. குவளையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். பழைய எரிபொருளை வேறு டின்னில் ஊற்றி மூடினான். கேனைக் கழுவினான்.

அன்று இரவுக்குள் புதிய எரிபொருளைக் கலந்துவிட வேண்டும் என்று இருவரும் முனைந்தார்கள். மண்ணெண்ணெயை அளந்து ஊற்றியவர் அந்தோணிராஜ். ஆயிலை அளந்தவன் ஜோனத்தன். ஊற்றும் முன் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது எண்ணெய்," என்றார் மாமனார்.

"ஆயில்."

"இனிமே யாரும் ஊத்த வேணாம்."

"யாரும் ஊத்தல, மாமா."

கோமதி அனுப்பிய மீன் குழம்பு ஆறிப்போயிருந்தது. அன்றைக்கு ஜோனத்தன் மேசையில் உட்கார்ந்து தின்றான். நடுவில் இரண்டு முறை எழுந்துபோய்க் கேன் மூடியைச் சரிபார்த்துவிட்டு வந்தான்.

*

ஞாயிறு காலை கைவிட்டுப் போகக்கூடாது என்பதற்காக அந்தோணிராஜ் சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய்விட்டு வந்திருந்தார். பள்ளிக்கூடம் போவதுபோல் வெள்ளைச் சட்டையை உள்ளே செருகி, குடையோடு காடியில் ஏறினார். பாலத்தில் வண்டிகள் அதிகம் இல்லை. ஆனாலும் ஜோனத்தன் தடத்துக்குத் தடம் மாறிக்கொண்டே போனான்.

"அவசரமா, தம்பி?"

"இல்ல மாமா."

"அப்ப ஒரு பக்கமா போங்க."

மைதானத்தில் சாதிக் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "வாங்க வாத்தியார், வாங்க. நான் ஒங்க ஸ்கூல்ல படிக்கல. படிச்சிருந்தா இப்படியா தமிழ் பேசுவேன்?"

"ஒங்க தமிழுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

"கேட்டியா ஜோ, சர்ட்டிபிகேட் குடுத்துட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "என்னா ஆச்சி, கண்டுபுடிச்சியா?"

ஜோனத்தன் சொன்னான். சாதிக் வாயைப் பொத்திக்கொண்டான். "அலமாக்! எண்ணெய் சண்டையா? மனுசன் சரக்குக்கு ரெட்டிப்பா சோடா ஊத்துவான். நீங்க ரெண்டு பேரும் ஜெட்டுக்கு ஊத்திட்டு, அதுக்குப் போய் என் பம்ப கடன் வாங்குனியா?"

"பம்ப் காடியில இருக்கு."

"இருக்கட்டும். ஓட்டு, பாக்கலாம். நான் சொன்னது சொன்னதுதான். ஐடில் நிக்கலன்னா ஏத்த மாட்டேன்."

ஜோனத்தன் ஜெட்டைக் கயிற்றில் கட்டினான். அந்தோணிராஜைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான். அவர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். சுவிட்ச். முனகல். நெருப்பு. ஊளை ஏறியது. ஆரம்பத்தில் வாலிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. உள்ளே தங்கியிருந்த பழைய எண்ணெயாக இருக்கவேண்டும். இல்லாமலும் இருக்கலாம். திராட்டிலை மேலே கொண்டுபோனான். புகை மெலிந்தது. முழு வேகத்தில் கொஞ்சம் வைத்திருந்தான். புகை நின்றது.

இனி இறக்கவேண்டும். விரல் குச்சியின் மேல் இருந்தது. இறக்கவில்லை.

"எறக்கு லா," என்றான் சாதிக்.

இறக்கினான். எண் கீழே வந்தது. அறுபது. ஐம்பது. நாற்பது. முப்பத்தாறு. முப்பத்தைந்து. முப்பத்து நான்கு. ஜோனத்தன் மூச்சை இழுத்தான். முப்பத்தைந்து. முப்பத்தைந்து.

முப்பத்தைந்து.

சாதிக் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப்பார்த்தான். பார்த்தபடியே நின்றான். சத்தம் நீளவுமில்லை, குறுகவுமில்லை. ஒரே இழையாக ஓடியது. தள்ளி நின்றவர் கேட்டார், "ஏன் யாரும் ஒண்ணும் பேசல? நல்லதா, கெட்டதா?"

"நல்லது வாத்தியார்," என்றான் சாதிக். "ரொம்ப நல்லது."

தொட்டியை நிரப்பினார்கள். சாதிக் ரேடியோவை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். ஜெட் ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போய்த் திரும்பி நின்றது. பிறகு ஓடியது. புல் சாய்ந்தது. தரை விட்டது தெரியவே இல்லை. சக்கரங்கள் மடங்கியபோதுதான் அது மேலே இருந்தது தெரிந்தது.

அந்தோணிராஜ் அண்ணாந்தார். சத்தம் வந்த பக்கமெல்லாம் தலையைத் திருப்பினார். வெறும் வானம்.

"எங்க? காணலியே?"

"சத்தத்தப் பாக்காதீங்க மாமா. சத்தம் பின்னாடி வரும். அதுக்கு முன்னாடி பாருங்க."

அவர் பார்வையை முன்னால் ஓட்டினார். செம்பனை வரிசைக்கு மேலே, சிவப்பாக, ஒரு பக்கம் சாய்ந்து அது திரும்பியது. "ஓ," என்றார். அது தலைக்கு மேலே போனது. வந்தது. ஒருமுறை மல்லாந்து போனது. குடை கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

ஜோனத்தன் ஜெட்டைப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தான்.

"எறக்குறேன்," என்றான் சாதிக்.

ஜெட் மைதானத்தின் தூர முனையில் திரும்பி இறக்கத்துக்கு வந்தது. சாதிக்கின் கட்டைவிரல் மெதுவாகக் கீழே வந்தது. ஊளை தேய்ந்தது. காற்று எதிர்ப்பக்கம் வீசியது. சத்தம் சன்னமாகி, இல்லாமலே போனது. ஜெட் மட்டும் சத்தமில்லாமல், சக்கரங்களை நீட்டிக்கொண்டு, செம்பனைகளின் தலையை உரசுவதுபோல் வந்துகொண்டிருந்தது.

அந்தோணிராஜ் ஜோனத்தனின் மணிக்கட்டைப் பிடித்தார். "அணைஞ்சிடுச்சா?"

"இல்ல."

"காதுல விழலியே."

"ஓடுது மாமா." அவன் காதிலும் விழவில்லை.

"எப்படிச் சொல்றீங்க?"

அவன் சாதிக்கின் கட்டைவிரலைப் பார்த்தான். சாதிக் திராட்டிலைத் துளி ஏற்றினான். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தூரத்திலிருந்து மெல்லிய ஒரு இழை எழுந்தது, தாழ்ந்தது. ஜெட் மரங்களைத் தாண்டியது. சக்கரம் தரையைத் தொட்டு, ஒருமுறை துள்ளி, மறுபடி தொட்டது. ஓடுபாதை முனையில் நின்றது. நின்ற இடத்திலேயே திரும்பி, தன் பலத்திலேயே அவர்களை நோக்கி ஊர்ந்து வந்தது.

முப்பத்தைந்தில் வந்தது. திரையைப் பார்க்காமலே ஜோனத்தனுக்குத் தெரிந்தது.

சாதிக் அதை அவர்கள் காலடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். "அணைக்கவா?"

அந்தோணிராஜ் குனிந்தார். வெப்பம் படாத தூரத்தில், முன்பக்கமாக, கையை நீட்டி மூக்கைத் தொட்டார். அது லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. கையை எடுக்கவில்லை. ஜோனத்தனின் மணிக்கட்டையும் இன்னும் விடவில்லை.

"அணைங்க," என்றார் கடைசியில்.

ஊளை இறங்கி நின்றது. உள்ளே இருந்த சின்ன மோட்டார், விட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிச் சூடாற்றத் தொடங்கியது. அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தார். டெஸ்மண்ட்.

"எங்க இருக்க? ஈப்போ தாண்டிட்டியா? ஏன் இவ்வளவு சீக்கிரம் கெளம்புன? சாயங்காலம்னுதானே சொன்ன." கேட்டுக்கொண்டிருந்தார். "சரி, சாவி பக்கத்து வீட்டுக் கோமதிகிட்ட இருக்கு. வாங்கித் தொறந்துக்க. சாப்பாடு இருக்கு… இல்ல, இங்க ஒண்ணும் ஆகல. நாங்க வர நேரமாகும். இன்னொரு தடவை ஏத்தப் போறாங்க."

ஏற்றப் போவதாக அதுவரை யாரும் சொல்லவில்லை. சாதிக் ஜோனத்தனைப் பார்த்தான்.

"கொஞ்சம் ஆறட்டும்," என்றான் ஜோனத்தன், மாமனாரின் பிடியிலிருந்து கையை விடுவிக்காமலே. "அப்புறம் ஏத்தலாம்."

"அதுவரைக்கும் ரெண்டு பேரும் உக்காருங்க லா," என்றான் சாதிக். "நிக்கிறதப் பாத்தா எனக்கே கால் வலிக்குது."

புல் ஈரமாக இருந்தது. ஜோனத்தன் உட்கார்ந்தான்.